வேன் ஃப்ரிட்ஜ் குளிரவில்லை: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். குண்டல்பேட்டையிலிருந்து நண்பர் ஒருவர் போன் செய்தார். "அண்ணா, பால் திரிஞ்சு போச்சு. இட்லி மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழியுது." பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் தானே வைத்துக் கேம்பர் வேனாக மாற்றியவர். பந்திப்பூர் வழியாக ஊட்டிக்குக் குடும்பத்தோடு கிளம்பியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் வழியில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "கேஸ் போயிடுச்சு சார்" என்று சொல்லிக் குழாயைத் துளைத்து வால்வு வைத்து, குளிர வைக்கிற கேஸை ஏற்றி அனுப்பியிருக்கிறார். ஒரு மணி நேரம் குளிர்ந்தது. அப்புறம் பழைய கதைதான்.

அவர்கள் ஊர் திரும்பியதும் போய்ப் பார்த்தேன். ஃப்ரிட்ஜுக்குக் கரண்ட் வருவது டாஷ்போர்டில் இருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து. அந்த ப்ளக்கின் முனை கருகி, பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கேஸ் எங்கேயும் போயிருக்கவில்லை. ஆனால் புதிதாக வைத்த வால்வின் வழியாக இனி நிச்சயம் போகும்.

அதற்குப் பிறகு வேன் வைத்திருக்கிற நம்ம ஆட்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். போனில் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் கைக்கு வந்தவற்றில் உண்மையாகவே கேஸ் கசிந்தவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் கரண்ட் சரியாக வராதது, அல்லது சூடு வெளியே போக வழி இல்லாதது. அதனால் யாராவது கேஸ் என்று ஆரம்பித்தால், "மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?" என்று கேளுங்கள்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

இது தெரியாமல் கை வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் காதை வையுங்கள்.

ம்ம்ம் என்று மெல்லிய உறுமல் கேட்டால் அது கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ். வீட்டில் இருப்பதன் தம்பி. 12 வோல்ட்டில் ஓடும். இப்போது இங்கே கட்டப்படும் வேன்களில் பெரும்பாலும் இதைத்தான் வைக்கிறார்கள்.

சத்தமே இல்லை, பின்னால் தடித்த கறுப்புக் குழாய்கள் வளைந்து வளைந்து போகின்றன, ஓர் ஓரத்தில் தகரம் சுற்றிய புகைபோக்கி மாதிரி ஒன்று நிற்கிறது என்றால் அது அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ். எங்கள் வீட்டில் இதற்கு அடுப்பு ஃப்ரிட்ஜ் என்று பெயர். சூடு காட்டினால்தான் குளிரும். அந்தச் சூட்டைச் சமையல் கேஸ் சுடரும் தரலாம், 230 வோல்ட் ஹீட்டரும் தரலாம், 12 வோல்ட் ஹீட்டரும் தரலாம். உள்ளே அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைக்கப்பட்டிருக்கின்றன. சூட்டில் அம்மோனியா ஆவியாகி மேலே போய், திரவமாகி, ஃப்ரீசர் பகுதியில் ஹைட்ரஜனோடு கலந்து மறுபடி ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு தண்ணீரில் கரைந்து பழைய இடத்துக்கே திரும்பும். ஓடுகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. 1922இல் ஸ்டாக்ஹோமில் ஃபான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் செய்து காட்டியது இது. வெளிநாட்டிலிருந்து வந்த கேரவன்களிலும், சத்தம் வரக் கூடாது என்று ஹோட்டல் அறைகளில் வைக்கும் குட்டி ஃப்ரிட்ஜ்களிலும் இன்றும் இதே வேலைதான் நடக்கிறது.

மூன்றாவது வகை, கையில் தூக்கினால் வெறும் பெட்டி மாதிரி லேசாக இருக்கும். ஃபேன் மட்டும் சுற்றும். இது பெல்டியர் பெட்டி. வெளியே இருக்கிற வெப்பத்தைவிட ஏறக்குறைய 20 டிகிரி குறைக்கும், அவ்வளவுதான். வெளியே 36 என்றால் உள்ளே 16. பால் தாங்காது. ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃபேனை மாற்றுங்கள். சுற்றியும் போதவில்லை என்றால் அது பழுதில்லை, அதன் குணமே அப்படி.

கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு தெர்மாமீட்டர், டார்ச், பழைய பெயின்ட் பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர். அடுப்பு ஃப்ரிட்ஜ் என்றால் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றும்.

"குளிரவே இல்லை" என்று முடிவு கட்டுமுன்

கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சொல்வது கணக்கில் வராது. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். கதவைத் திறந்தவுடன் காற்றின் சூடு ஏறிவிடும், தண்ணீருடையது ஏறாது. 5 டிகிரிக்குள் இருந்தால் ஃப்ரிட்ஜில் குறை இல்லை.

நேரமும் முக்கியம். கம்ப்ரசர் வகை இரண்டு மூன்று மணி நேரத்தில் வழிக்கு வந்துவிடும். அடுப்பு ஃப்ரிட்ஜ் காலியாக இருக்கும்போதே எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். காலை ஆறு மணிக்குப் போட்டு, இரண்டு டஜன் வெதுவெதுப்பான பாட்டிலை அடுக்கி, பத்து மணிக்குக் குளிரவில்லை என்று போன் செய்தால் நான் என்ன சொல்ல? கிளம்புவதற்கு முந்தின இரவே வீட்டுக் கரண்டில் போட்டுவிடுங்கள். உள்ளே வைக்கிறதை வீட்டு ஃப்ரிட்ஜில் குளிர வைத்து எடுத்து வையுங்கள்.

கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ்: உயிரே இல்லை

விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் வரை நடந்து வாருங்கள். ஃப்யூஸ், ஒயர் முனையில் லக் (உலோக வளையம்) பிடித்த இடங்கள், ப்ளக். ஃப்யூஸ் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மீட்டர் வைத்துச் சோதியுங்கள். எர்த் ஒயரைப் பெயின்ட் அடித்த தகரத்தின் மேல் திருகி வைத்திருக்கிற வேன்கள் நிறைய. சுரண்டிப் பளபளப்பாக்கித் திருகுங்கள். ப்ளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்திருந்தாலும் ஓடாது. சிகரெட் லைட்டர் ப்ளக் என்றால் வேறு எதையும் பார்க்குமுன் அதைத்தான் தொட்டுப் பாருங்கள். சிகரெட் பற்ற வைக்கச் சில நொடி வேலை செய்வதற்காகப் பிறந்த சாக்கெட் அது. நாள் முழுக்க ஆடிக்கொண்டே போகிற வண்டியில் ஃப்ரிட்ஜைத் தாங்கச் சொல்வது அநியாயம்.

ஆரம்பிக்கிறது, நிற்கிறது, மறுபடி ஆரம்பிக்கிறது

நண்பரின் ஃப்ரிட்ஜ் செய்தது இதைத்தான். இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம், ஏனென்றால் பேட்டரியில் அளந்தால் 12.6 வோல்ட் அழகாகக் காட்டும். ஃப்ரிட்ஜின் முனையில், அதுவும் கம்ப்ரசர் ஓடும்போது அளக்க வேண்டும். அங்கே 11.2 என்று காட்டினால் மீதி 1.4 வோல்ட் ஒயரிலும் இணைப்புகளிலும் சூடாகக் கரைந்துகொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேனின் பின்பக்கப் பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு 6 மீட்டர். போக வர 12 மீட்டர் செம்பு. வீட்டு வயரிங்கில் மிச்சமான 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரைப் போட்டிருந்தால், ஃப்ரிட்ஜ் 5 ஆம்பியர் இழுக்கும்போது ஏறக்குறைய 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். கம்ப்ரசர் கிளம்புகிற நொடியில் இன்னும் அதிகமாக இழுக்கும், இன்னும் அதிகமாக விழும். 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் அந்த 0.7, 0.2க்கும் கீழே வந்துவிடும். டான்ஃபாஸ், இப்போது செகாப் என்ற பெயரில் வருகிற 12 வோல்ட் கம்ப்ரசர்களுக்குத் தயாரிப்பாளர்களே சொல்கிற அளவு இது: பேட்டரியிலிருந்து 2.5 மீட்டர் தூரம் வரை 2.5 ஸ்கொயர், 4 மீட்டர் வரை 4, 6 மீட்டர் வரை 6. மனப்பாடம் செய்ய எளிது, மீட்டர் எவ்வளவோ ஸ்கொயரும் அவ்வளவு.

இந்தக் கம்ப்ரசர்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பேட்டரியைக் காப்பாற்றுகிற புத்தி உண்டு. வழக்கமான அமைப்பில் வோல்ட்டேஜ் 10.4க்குக் கீழே போனால் நிறுத்திவிடும், 11.7க்கு மேல் ஏறினால்தான் மறுபடி விடும். நிறுத்தியவுடன் பளு இல்லாததால் வோல்ட்டேஜ் தானாக ஏறும், உடனே கிளம்பும், கிளம்பியவுடன் விழும். இந்தக் கண்ணாமூச்சியைத்தான் நாம் "விட்டு விட்டு ஓடுது" என்கிறோம்.

அந்தப் பெட்டியில் சின்ன எல்இடி விளக்கு இருந்தால் (இல்லையென்றால் ப்ளஸ் (+), டி (D) என்ற இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒன்றை இணைக்கலாம்) அது எத்தனை முறை கண் சிமிட்டிவிட்டு ஓய்கிறது என்று எண்ணுங்கள். ஒரு முறை என்றால் வோல்ட்டேஜ் குறைவு. இரண்டு என்றால் ஃபேன் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது. ஃபேனைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். மூன்று என்றால் மோட்டார் கிளம்ப முடியவில்லை. அணைத்த உடனே போட்டால் உள்ளே அழுத்தம் சமமாகாமல் இப்படி ஆகும், ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். நான்கு என்றால் மோட்டார் குறைந்தபட்ச வேகத்தைக்கூடப் பிடிக்கவில்லை, பெரும்பாலும் வெளியே அதிகச் சூடு. ஐந்து என்றால் பெட்டியே கொதித்துவிட்டது, காற்றோட்டம் இல்லை. கேஸ் குறைவு என்று சொல்லச் சிமிட்டல் எதுவும் கிடையாது.

நிற்காமல் ஓடுகிறது, ஆனால் குளிர் போதவில்லை

ஃப்ரிட்ஜ் குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கம் கொட்டுகிறது. கொட்டிய சூடு அங்கேயே நின்றால் அதையே மறுபடி மறுபடி அள்ளிக் கொட்டும். நம் வேன்களில் நடப்பது அதுதான். தச்சர் அழகாக ப்ளைவுட் அலமாரி செய்து, மைக்கா ஒட்டி, ஃப்ரிட்ஜை உள்ளே கச்சிதமாகத் தள்ளிவிடுவார். ஒரு நூல் இடைவெளி இருக்காது. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஃபினிஷிங்கைப் பாராட்டுவார்கள்.

ஃப்ரிட்ஜை அலமாரியிலிருந்து முன்னால் இழுத்து வெளியே வைத்து நாலு மணி நேரம் ஓட விடுங்கள். இப்போது குளிர்ந்தால் அலமாரிதான் குற்றவாளி. கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை போடச் சொல்லுங்கள். கீழிருந்து குளிர்ந்த காற்று நுழைந்து மேலே சூடாக வெளியேற வேண்டும். இரண்டு துளையும் ஒரே உயரத்தில் இருந்தால் பயன் இல்லை. பெங்களூரு எஸ்பி ரோட்டில் கிடைக்கும் 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை 12 வோல்ட்டில் மேல் துளையில் மாட்டலாம், வெளியே தள்ளுகிற திசையில். கன்டென்சரில் (சூட்டை வெளியே விடுகிற பின்பக்கக் குழாய்) ஒட்டிய தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். பெங்களூருவில் மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டோரம் ஆறு மாதம் நிறுத்திய வண்டியில் அந்தத் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும்.

இதற்குப் பிறகும் குளிரவில்லை என்றால் கேஸ் பக்கம் யோசிக்கலாம். அடையாளம் தெளிவானது: ஃப்ரீசர் தகட்டில் ஒரு மூலையில் மட்டும் பனி படியும், மற்ற இடம் வெறுமனே ஈரமாக இருக்கும், கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும், பின்பக்கக் குழாய் சூடே ஆகாது. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் மெக்கானிக். அவரும் கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்கம் இழுத்து, ஃப்ரிட்ஜின் தகட்டில் எழுதியிருக்கும் கிராம் அளவை எடை போட்டு ஏற்றுகிறவராக இருக்கட்டும். இந்தச் சின்ன ஃப்ரிட்ஜ்களுக்கு வேண்டியது சில பத்து கிராம்தான். கண்ணளவில் ஏற்றினால் கூடுதலாகிவிடும், அதிலும் குளிராது. ஆர் 600ஏ என்று எழுதியிருந்தால் அது தீப்பிடிக்கும் வாயு. வண்டிக்குள் வைத்துக் குழாயை வெல்டிங் செய்ய யாரையும் விடாதீர்கள்.

மேலே உறைகிறது, கீழே வெதுவெதுப்பு

கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. வெந்நீரில் நனைத்த துணியால் ரப்பரைத் துடைத்தாலே பல நேரம் நிமிர்ந்துகொள்ளும். ஃப்ரீசரில் அரை அங்குலத்துக்கு மேல் பனி இருந்தால் அணைத்து உருக விடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், அப்படிச் சுரண்டி ஓட்டை போட்டு அனுப்பிய ஃப்ரிட்ஜ்தான் என்னிடம் வந்த உண்மையான கேஸ் கசிவுகளில் ஒன்று.

அடுப்பு ஃப்ரிட்ஜ்: வீட்டுக் கரண்டில் குளிர்கிறது, கேஸில் குளிரவில்லை

ஒரு வழியில் குளிர்ந்தால் உள்ளிருக்கும் கூலிங் யூனிட் நன்றாக இருக்கிறது என்று பொருள். சூடு காட்டுகிற பக்கத்தில்தான் தேட வேண்டும்.

சுடரைப் பாருங்கள். நீலமாக, இரையாமல், நிமிர்ந்து எரிய வேண்டும். மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் காற்று போதவில்லை. கரி படியும், கார்பன் மோனாக்சைடும் வரும். அந்த நிலையில் வண்டிக்குள் படுத்துத் தூங்கக் கூடாது, ஜன்னல் திறந்திருந்தாலும். பர்னர் குழாயைத் திறந்து பாருங்கள்: நான் பார்த்த ஒன்றில் புகைபோக்கித் துரு உதிர்ந்து சுடரை மூடியிருந்தது, இன்னொன்றில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. குளவிகளுக்கு அந்தச் சின்னக் குழாய் மேல் என்ன பிரியமோ. பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். கேஸ் வருகிற ஜெட்டில் ஊசி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊற வைத்து, ஊதிக் காய வைத்துப் பூட்டுங்கள்.

பற்ற வைத்துக் குமிழை விட்டவுடன் அணைந்தால் தெர்மோகப்பிள், அதாவது சுடரின் சூட்டை உணர்ந்து கேஸைத் திறந்து வைக்கிற கம்பி. அதன் முனை சுடருக்குள் இருக்கிறதா, கரி மூடியிருக்கிறதா, பின்னால் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் அதை மாற்ற வேண்டியதுதான்.

எவ்வளவு கேஸ் அழுத்தம் வேண்டும் என்று ஃப்ரிட்ஜின் தகட்டில் 30, 37, 50 என்று மில்லிபாரில் ஓர் எண் இருக்கும். நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது 30ஐ ஒட்டியது. 50 கேட்கிற பழைய ஐரோப்பிய ஃப்ரிட்ஜுக்கு அது பசிக்குப் பொரி. அதற்காக ஹோட்டல் அடுப்புக்கு வைக்கிற ஹை பிரஷர் ரெகுலேட்டரைத் தூக்கி மாட்டிவிடாதீர்கள், அது உயிரோடு விளையாடுவது. 30 மில்லிபாருக்கான ஜெட் கிடைக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் கேஸை மறந்துவிட்டுக் கரண்டில் ஓட்டுங்கள்.

ஊட்டிக்குப் போனால் வருகிற தனித் தொல்லை ஒன்று உண்டு. பெங்களூரு 920 மீட்டர், ஊட்டி 2,240. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சுடர் சரியாகப் பற்றாது, பற்றினாலும் சோம்பும். போதாததற்கு, சமையல் கேஸில் இருக்கும் பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டித்தான் ஆவியாகும். டிசம்பர் இரவில், முக்கால்வாசி தீர்ந்த சிலிண்டரில் அது மெதுவாகத்தான் எழும். மலையில் இருக்கிற நாட்களுக்கு 230 வோல்ட்டுக்கு மாறிவிடுங்கள். கீழே இறங்கினால் தானே சரியாகும், எதையும் கழற்ற வேண்டாம்.

கேஸ் நாற்றம் வந்தால் சோதனை எல்லாம் அப்புறம். சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் இறங்குங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, வண்டியின் தரையில் தேங்கி நிற்கும். கசிவுக்கான அவசர எண் 1906. பெட்ரோல் பங்க்குக்குள் நுழையுமுன் கேஸ் சுடரை அணைத்திருக்க வேண்டும். இதை டிரைவர் சீட்டுக்கு எதிரே எழுதி ஒட்டினாலும் தப்பில்லை.

கேஸில் குளிர்கிறது, வண்டி ஓடும்போது 12 வோல்ட்டில் குளிரவில்லை

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும்: 12 வோல்ட்டில் அடுப்பு ஃப்ரிட்ஜ் குளிர வைக்காது, குளிர்ந்ததைக் காப்பாற்றும். ஹீட்டர் 120 வாட் என்றால் 10 ஆம்பியர் ஓயாமல் போகும். அதனால்தான் இன்ஜின் ஓடும்போது மட்டும் ஒரு ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) வழியாகக் கொடுப்பார்கள். ரிலே கிளிக் என்கிறதா, இன்ஜின் ஓடும்போது ஃப்ரிட்ஜ் முனையில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். ஹீட்டரின் சூடு வோல்ட்டேஜின் வர்க்கத்தில் குறையும். 12க்குப் பதில் 10.5 வந்தால், கேட்க ஒன்றரை வோல்ட்தான். சூடோ கால் பங்குக்கு அருகில் குறைந்துவிட்டது. மேலே சொன்ன ஒயர் தடிமன் விஷயம் இங்கே இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

ஹீட்டரையே சந்தேகித்தால் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓம்ஸ் அளக்கலாம். 12 வோல்ட், 120 வாட் ஹீட்டர் 1.2 ஓம்ஸ் அருகில் காட்டும். 230 வோல்ட், 125 வாட் என்றால் 420 ஓம்ஸ் அருகில். எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. 230 வோல்ட் பக்கத்தில் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கை.

எந்த வழியிலும் குளிரவில்லை

ரசமட்டத்தை எடுத்து ஃப்ரீசர் தரையில் வையுங்கள். உள்ளே பம்ப் கிடையாது. எல்லாம் குழாயின் சரிவில் தானாக வழிந்தால்தான் உண்டு. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் தேங்கிவிடும், சூடு காட்டுகிற இடத்தில் இருக்கும் கொதிகலன் வறண்டு அளவுக்கு மேல் சூடாகும், துருப் பிடிக்காமலிருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் கெட்டியாகிக் குழாயை அடைக்கும். அடைத்தால் அடைத்ததுதான். ஓடும்போது வண்டி இப்படியும் அப்படியும் ஆடுவதால் பாதகமில்லை. சாய்வாக நிறுத்தி மணிக்கணக்கில் ஓட்டுவதுதான் கொல்லும்.

நம் ஊர்த் தெருக்களில் என்ன செய்கிறோம்? ரோடு குறுகல் என்று ஒரு பக்கச் சக்கரத்தை நடைபாதை மேல் ஏற்றி நிறுத்துகிறோம். அப்புறம் மாடியிலிருந்து ஒயர் இழுத்து ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கிறோம். ஃப்ரேசர் டவுனில் ஒருவர் இப்படி ஒரே கோடைக்காலத்தில் அருமையான ஃப்ரிட்ஜ் ஒன்றைச் சாகடித்தார். பக்கவாட்டில் 3 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. கீழே பலகை வைத்துச் சமன் செய்துவிட்டுப் போடுங்கள்.

சமமாக நிற்கிறது, இன்னும் குளிரவில்லை என்றால் 230 வோல்ட்டில் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். கொதிகலன் பக்கம் நன்றாகச் சுட்டும் உள்ளே குளிர் இல்லையென்றால் ஓட்டம் அடைபட்டிருக்கிறது. களக் களக் என்று சத்தம் கேட்டால் அதுவும் இதன் அடையாளமே. ஃப்ரிட்ஜைக் கழற்றித் தலைகீழாக ஒரு நாள் வைத்து நிமிர்த்தினால் உயிர் வரும் என்று பழைய வைத்தியம் ஒன்று சொல்வார்கள். இரண்டு முறை செய்தேன். ஒன்று மூன்று மாதம் ஓடியது, ஒன்று ஓடவேயில்லை. இழப்பதற்கு எதுவும் இல்லாத நிலையில் செய்து பார்க்கலாம், முதுகு வலியைத் தவிர.

பின்பக்கம் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ, மூக்கை எரிக்கிற அம்மோனியா நெடி வந்தாலோ உடனே அணைத்து வண்டியைத் திறந்து போடுங்கள். அந்த யூனிட் முடிந்தது. இதில் கேஸ் ரீஃபில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொழிற்சாலையில் அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு அடைத்து வெல்டிங் செய்த பொருள் அது. தெருவோரத்தில் திறந்து நிரப்ப முடியாது. கூலிங் யூனிட்டை முழுதாக மாற்ற வேண்டும். இங்கே அது கிடைப்பதும் கஷ்டம், விலையும் கடிக்கும். அந்த இடத்தில் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ராத்திரி குளிர்கிறது, பகலில் இல்லை

பின்பக்கக் காற்றோட்டம்தான் மறுபடியும். அடுப்பு ஃப்ரிட்ஜின் வென்ட் இருக்கிற பக்கம் வெயில் படாதபடி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜின் தகட்டில் N என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது 32 டிகிரி வரைதான் வாக்குக் கொடுக்கிறது. ST 38 வரை, T 43 வரை. N வகையை வைத்துக்கொண்டு மே மாதம் ஹம்பி போனால் அதைத் திட்டக் கூடாது.

செகண்ட் ஹேண்ட் ஹோட்டல் ஃப்ரிட்ஜ்

மலிவாகக் கிடைக்கிறது, சத்தமும் இல்லை என்று இதை வாங்கி இன்வெர்ட்டரில் மாட்டுகிறார்கள். மறுநாள் காலை பேட்டரி காலி, ஃப்ரிட்ஜ் பழுது என்று புகார். 65 வாட் ஓயாமல் இழுத்தால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். 100 ஆம்பியர் அவர் பேட்டரியில் மொத்தமே 1.2 யூனிட், லெட் ஆசிட்டில் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அதே பேட்டரியில் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் 4 ஆம்பியரில் பாதி நேரம் ஓடினால் நாளுக்கு 48 ஆம்பியர் அவர். மேலே ஒரு சோலார் பேனல் இருந்தால் தாராளமாகத் தாங்கும். ஹோட்டல் ஃப்ரிட்ஜை விற்றுவிடுங்கள்.

நண்பரின் வேனுக்கு வருகிறேன். சிகரெட் லைட்டர் ப்ளக்கை வெட்டியெறிந்து, 6 ஸ்கொயர் ஒயரைப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, நடுவில் 15 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்தோம். அந்த வால்வில் சோப்புத் தண்ணீர் தடவியபோது சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. அதை வேறொருவரிடம் கொடுத்து அடைத்து, எடை போட்டுக் கேஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. ராத்திரி பத்து மணிக்கு நண்பர் டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளே வைத்துவிட்டுத் தூங்கப் போனார். காலை ஆறு மணிக்கு ஒரு படம் அனுப்பினார்: 4 டிகிரி. கீழே, "பால் வாங்கப் போறேன்ணா."